அந்துப்பூச்சிக்கும் யானைக்கும் ஒரே வாசனை என்பது உண்மை. அதை வைத்து ராகிக் கொல்லையைக் காக்க முடியுமா?

அஞ்செட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கேட்டிருக்கும் நண்பர் மூன்று கேள்விகளை ஒன்றாக முடிந்து அனுப்பியிருக்கிறார். பெண் யானையின் சிறுநீரில் உள்ள வாசனைப் பொருளும் அந்துப்பூச்சியின் வாசனைப் பொருளும் ஒன்றே என்று அமெரிக்கப் பெண் விஞ்ஞானி ஒருவர் கண்டுபிடித்தாராமே, உண்மையா? மதம் பிடித்த ஆண் யானையின் நாற்றம் பட்டால் மற்ற யானைகள் விலகிப் போகும் என்கிறார்களே, அது உண்மையா? இந்த இரண்டையும் சொல்லி ஒருவர் பாட்டிலில் 'யானை விரட்டி' விற்க வந்திருக்கிறார். வாங்கிக் கொல்லையைச் சுற்றித் தெளிக்கலாமா? முதல் இரண்டும் வேதியியல் கேள்விகள். ஆனால் அவர் மனதில் இருப்பது மூன்றாவதுதான். கதிர் முற்றி அறுப்புக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஜவளகிரிப் பக்கம் யானைக் கூட்டம் இறங்கிவிட்டது என்று தகவல் வந்தால், அந்த வீட்டில் அன்று இரவு யாரும் கண்மூட மாட்டார்கள். ஆகவே முதல் கேள்விக்கு முழு ஆம், இரண்டாவதற்குப் பாதி ஆம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். அவற்றிலிருந்து மூன்றாவதற்கு ஏன் ஆம் வராது என்பதைத்தான் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

நான் ஓசூர் ஆய்வகங்களில், கலவையை ஆவியாக்கிப் பொருள் பொருளாகப் பிரிக்கும் கேஸ் குரோமட்டோகிராஃபிக் கருவியோடு பல வருடம் வேலை பார்த்துவிட்டு இப்போது வேதியியல் சொல்லிக் கொடுப்பவன். ஒரு பீக், அதாவது ஒவ்வொரு பொருளுக்கும் கருவியின் வரைபடத்தில் எழும் மேடு, எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதில் எனக்குப் பழக்கம் உண்டு. யானைகளைப் பற்றி நான் சொல்வது ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படித்துத் தெரிந்துகொண்டது. காட்டில் யானையோடு வாழ்ந்தவர்கள் அந்தப் பகுதியில் என்னைத் திருத்தினால் ஏற்றுக்கொள்வேன்.

நண்பர் சொல்லும் விஞ்ஞானி எல்.இ.எல். ராஸ்முசென். நெருங்கியவர்களுக்கு 'பெட்ஸ்'. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் வேலை பார்த்தவர், 2006-ல் காலமானார். அவரும் கூட்டாளிகளும் 1982-ல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சினைப்பருவத்தில் இருக்கும் பெண் யானையின் சிறுநீரிலிருந்து கரைப்பானால் பிரித்தெடுத்த சாற்றைத் தரையில் ஊற்றி வைத்தால், ஆண் யானை அதைத் தும்பிக்கை நுனியால் தொட்டு, நுனியை வாய்க்குள் வளைத்து மேல் அண்ணத்தில் வைக்கிறது என்பது அதன் சாரம். மேல் அண்ணத்தில் இரண்டு சிறு துளைகள் உண்டு. அவை வாசனை அறியும் தனி உறுப்பு ஒன்றுக்குப் போகின்றன. காட்டுப் பாதையில் நின்று யானை பார்த்தவர்களுக்கு இந்தச் செய்கை பரிச்சயமாக இருக்கும்: சிறுநீர் பட்ட மண்ணைத் தடவிவிட்டு, எதையோ தின்பதுபோலத் தும்பிக்கையை வாய்க்குள் விடும், ஆனால் எதையும் மெல்லாது. அதை எண்ணிக் கணக்கெடுக்கலாம் என்று ராஸ்முசென் குழு பிடித்துக்கொண்டதுதான் இந்த வேலை முழுவதற்கும் அடித்தளம்.

இதன் அருமை புரிய, சிறுநீரைக் கருவியில் ஏற்றினால் என்ன ஆகும் என்று தெரிய வேண்டும். நூற்றுக்கணக்கான பீக்குகள் வரும். உயரமான பீக் முக்கியமானது என்று எந்த விதியும் இல்லை. பிளாஸ்டிக் புட்டியில் மாதிரியை வைத்திருந்தால் அந்தப் பிளாஸ்டிக்கே ஒரு பீக்காக வந்து நிற்கும். ஊசி குத்தும் ரப்பர் மூடியிலிருந்துகூட வரும். வெறும் கரைப்பானை முதலில் ஓட்டிப் பார்க்காதவர்கள் இதையெல்லாம் பெரிய கண்டுபிடிப்பு என்று நினைத்துவிடுவார்கள். இத்தனை பொருட்களில் யானைக்கு எது செய்தி என்று கருவி சொல்லாது. ராஸ்முசென் சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்தார். ஒவ்வொரு பகுதியையும் ஆண் யானையிடம் கொண்டு போனார். யானை அண்ணத்தில் வைத்துப் பார்த்த பகுதியை மட்டும் எடுத்து மேலும் பிரித்தார். கருவி பிரித்துத் தந்தது. எது வேண்டும், எது வேண்டாம் என்று யானை தீர்ப்புச் சொன்னது. 1982-ல் தொடங்கிய அந்தத் தேடலுக்கு 1996-ல்தான் விடை கிடைத்தது. 'நேச்சர்' இதழில் வந்த கட்டுரை ஒரே பக்கம். பதினான்கு வருட உழைப்பு ஒரு பக்கத்தில் அடங்கியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

விடை: இசட்-7-டோடெசெனைல் அசிட்டேட். பன்னிரண்டு கார்பன் சங்கிலி, ஏழாவது கார்பனில் ஓர் இரட்டைப் பிணைப்பு, முனையில் ஓர் அசிட்டேட். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் மூலக்கூறின் எடையைச் சொல்லும், உடைந்த துண்டுகளைக் காட்டும். ஆனால் இரட்டைப் பிணைப்பு ஆறாவதிலா, ஏழாவதிலா, எட்டாவதிலா என்பதைச் சாதாரணமாகச் சொல்லிவிடாது. அதைத் தீர்க்க, செயற்கையாகத் தயாரித்த சுத்தமான பொருளோடு ஒப்பிட வேண்டும். அந்துப்பூச்சி வாசனைகளில் ஊறிய வெண்டல் ரோலோஃப்ஸ் அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவராக இருந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. இந்த வகைச் சங்கிலிகள் பூச்சிக்காரர்களுக்குத்தான் அத்துபடி. செயற்கையாகத் தயாரித்த பொருளைக் கொடுத்தபோதும் ஆண் யானைகள் அதே செய்கையைச் செய்தன. அதோடு வழக்கு முடிந்தது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நூற்றுக்கும் மேற்பட்ட அந்துப்பூச்சி இனங்கள் இதே பொருளைப் பெண் ஆணை அழைக்கப் பயன்படுத்துகின்றன. முட்டைக்கோஸைத் தின்னும் டிரைக்கோப்ளூசியா என்ற வளையப்புழுவின் அந்துப்பூச்சிக்கு இதுதான் முதன்மை வாசனை. நம் பக்கம் கோஸும் தக்காளியும் வைப்பவர்களுக்கு இனக்கவர்ச்சிப் பொறி தெரிந்த விஷயம்: ரப்பர் மூடி போன்ற ஒன்றில் சில மில்லிகிராம் மருந்து, அதைத் தேடி வரும் ஆண் பூச்சி பையில் விழும். தக்காளிக் காய்ப்புழுப் பொறியில் இருப்பது வேறு பொருள், அதனால் யானை வருமோ என்ற பயம் வேண்டாம். சரி, பூச்சியும் யானையும் ஏன் குழம்பிக்கொள்வதில்லை? பூச்சி ஒரு பொருளை மட்டும் முகர்ந்து வருவதில்லை. பல பொருட்கள் குறிப்பிட்ட விகிதத்தில் கலந்திருந்தால்தான் அதற்குத் தன் இனம் என்று தெரியும். யானையின் பக்கம் அளவு வேறு. ராஸ்முசென் 2001-ல் வெளியிட்ட கணக்கில், சினைச் சுழற்சியின் முதல் கட்டத் தொடக்கத்தில் ஒரு மில்லிலிட்டர் சிறுநீரில் சுமார் அரை மைக்ரோகிராமாக இருக்கும் இந்தப் பொருள், முட்டை வெளிவருவதற்குச் சற்று முன் 33 மைக்ரோகிராம் வரை ஏறுகிறது. ஒரு தடவைக்கு ஐந்து லிட்டர் என்று வைத்தாலே 165 மில்லிகிராம் ஆகிறது. ஒரு பூச்சி விடும் நானோகிராம்கள் யானைக்கு ஒரு பொருட்டாக இருக்க முடியாது.

இன்னொரு விஷயமும் இதில் உண்டு. பாட்டில் பேச்சுக்கு வரும்போது இது தேவைப்படும். சிறுநீரில் இந்தப் பொருள் தனியாக மிதப்பதில்லை. ஆல்புமின் என்ற புரதம் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடுகிறது என்று ராஸ்முசெனும் பிற வேதியியலாளர்களும் 2004-ல் காட்டினார்கள். பெண் யானையின் சினைச் சுழற்சி 14 முதல் 16 வாரம். அதில் கருவுறக்கூடிய நாட்கள் மிகச் சில. காட்டில் ஆண் தனியே திரியும், பெண்கள் கூட்டமாகத் திரியும். அந்தச் சில நாட்களுக்குள் ஆண் வந்து சேர வேண்டுமானால் செய்தி தரையில் கொஞ்ச நேரமாவது தங்கியாக வேண்டும். புரதம் செய்வது அந்த வேலையை.

இனி மதம். இங்கேதான் தமிழ்நாட்டுக்காரர் ஒருவரும் வருகிறார். 2002-ல் 'நேச்சர்' வெளியிட்ட கட்டுரையில் ராஸ்முசெனோடு ஹைடி ரிடில், வி. கிருஷ்ணமூர்த்தி ஆகிய இருவர் பெயரும் உண்டு. கிருஷ்ணமூர்த்தி நம் வனத்துறையின் கால்நடை மருத்துவர். முகாம் யானைகளோடு வாழ்நாளைக் கழித்து, யானைக்காரர்களிடம் 'டாக்டர் கே' என்று பேர் வாங்கியவர். அவர்கள் கண்டது இது: முதல் முதலாக மதம் கொள்ளும் இளம் ஆண்களின் கன்னச் சுரப்பியிலிருந்து வருவது தேன் போன்ற மணம். வயது முதிர்ந்த ஆணுடையது குடலைப் புரட்டும் நாற்றம். இளசு 'நான் சிறுவன், உன்னோடு மோத வரவில்லை' என்கிறது, பெரியது 'ஒதுங்கிப் போ' என்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். நம் பழைய பாட்டுகளில் யானையின் கன்னத்தில் வண்டு மொய்த்துக்கொண்டே இருக்கும். தருமபுரிக்குப் பழைய பெயர் தகடூர். இந்தத் தகடூர் மண்ணிலேயே, மதம் கொண்ட களிற்றைக் கிட்ட நெருங்க முடியாது என்று ஈராயிரம் வருடத்துக்கு முன் பாடியிருக்கிறார்கள். பாட்டை வேதியியல் சாட்சியாக எடுக்க மாட்டேன். என்றாலும் வண்டு மொய்த்தது இளங்களிற்றின் கன்னமாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கப் பிடித்திருக்கிறது.

முதிர்ந்த ஆணின் நாற்றத்தில் முக்கியமான பொருள் ஃப்ரான்டலின். இதுவும் ஒரு பூச்சியிடமிருந்து முன்பே தெரிந்ததுதான். அமெரிக்கப் பைன் மரங்களைத் துளைக்கும் பட்டை வண்டின் வாசனை. வலக்கையும் இடக்கையும் போல இதற்கு இரண்டு வடிவம் உண்டு. எடை ஒன்று, பிணைப்புகள் ஒன்று, ஆனால் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது. கருவிக்குள் பொருட்களைப் பிரிக்கும் குழாய் சாதாரண வகையாக இருந்தால் இரண்டும் ஒரே பீக்காக வரும். பிரிக்கத் தனி வகைக் குழாய் வேண்டும். டேவிட் கிரீன்வுட்டும் ராஸ்முசெனும் மற்றவர்களும் 2005-ல் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். இளைய ஆணிடம் ஒரு வடிவம் தூக்கலாக இருந்தது. வயது ஏற ஏற இரண்டும் சமமாக வந்தன. இந்த விகிதத்திலிருந்தே மற்ற யானைகள் அந்த ஆணின் முதிர்ச்சியையும் மதத்தின் கட்டத்தையும் தெரிந்துகொள்கின்றன. பகுப்பாய்வு வேதியியல் படிப்பவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது படிக்க வேண்டிய வேலை அது.

நண்பரின் இரண்டாவது கேள்விக்குப் பாதி ஆம் என்று சொன்னதற்குக் காரணம் 2003-ல் வந்த இன்னொரு கட்டுரை. அதில் ராஸ்முசெனும் கிரீன்வுட்டும் ஃப்ரான்டலினைப் பலவகை யானைகளிடம் வைத்துப் பார்த்தார்கள். முழு வளர்ச்சி அடையாத இளம் ஆண்கள் மிகவும் பதறின, பல தடவை விலகின. முதிர்ந்த ஆண்கள் பெரும்பாலும் கண்டுகொள்ளவே இல்லை. கருவுறும் கட்டத்தில் இருந்த பெண்கள் விலகுவதற்குப் பதில் ஆர்வம் காட்டின. ஆக 'மதநாற்றம் பட்டால் யானை ஓடும்' என்பது ஒரு வகை யானைக்கு மட்டும் பொருந்தும். மற்றொரு வகைக்கு அது அழைப்பு.

உங்கள் கொல்லைக்கு வருவது யார்? ஆர். சுகுமாரும் மாதவ் காட்கிலும் 1988-ல் வெளியிட்ட ஆய்வும், அதைத் தொடர்ந்து சுகுமார் எழுதியவையும் இதில் தெளிவாக இருக்கின்றன. அவர் வேலை செய்த சத்தியமங்கலம், சாம்ராஜ்நகர்க் காடுகள் நமக்கு அன்னியம் இல்லை. அங்கே வளர்ந்த ஆண் யானை ஒன்று சராசரியாக வருடத்துக்கு 49 இரவு பயிருக்குள் வந்தது. பெண் கூட்டத்து யானை 8 இரவு. காட்டுப் புல்லைவிட ராகியில் புரதமும் கால்சியமும் சோடியமும் அதிகம். உடம்பைப் பெருக்க வேண்டிய ஆணுக்கு அந்த ஆபத்து லாபகரமாக இருக்கிறது. நம் வட்டாரத்திலேயே நடந்த வேலையும் ஒன்று உண்டு. நிஷாந்த் சீனிவாசையாவும் சுகுமார் உள்ளிட்ட சக ஆய்வாளர்களும் 2019-ல் வெளியிட்டது. ஓசூர், பன்னேர்கட்டா, தும்கூர் வரையிலான பகுதியில் புகைப்படம் எடுத்து 248 ஆண் யானைகளைத் தனித்தனியே அடையாளம் கண்டார்கள். தனியாகத் திரிய வேண்டிய இளம் ஆண்கள், காடு சிதறிப் பயிர் நிறைந்த இடங்களில் பெரிய ஆண் கூட்டமாகச் சேர்ந்து நிற்கின்றன என்று காட்டினார்கள். தளியிலும் சானமாவிலும் காவலுக்குப் போகிறவர்கள் முன்பே சொல்லிக்கொண்டிருந்ததை அறிவியல் கணக்கில் கொண்டுவந்த கட்டுரை அது.

இப்போது பாட்டிலுக்கு வருவோம். அதில் பெண் யானையின் வாசனை இருக்கிறது என்று விற்பவர் சொன்னால், அது உண்மையாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்ளுங்கள். அது ஆணை அழைக்கும் பொருள். ராகி ஓரத்தில் ஊற்றுவது வரச் சொல்வதற்குச் சமம். மதநாற்றம் என்று சொன்னால், வளர்ந்த கொம்பனும், தந்தமில்லாத ஆணான மக்னாவும் அதைப் பொருட்படுத்தாது என்பது மேலே சொன்ன சோதனையிலேயே இருக்கிறது. இளம் ஆண்கள் விலகினவே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, இந்தப் பகுதியில்தான் உண்மையான சந்தேகத்துக்கு இடம் இருக்கிறது. ஆனால் அந்தச் சோதனை மனிதர் பராமரிப்பில் இருக்கும் யானைகளிடம் நடந்தது. முன்னால் முற்றிய ராகி இல்லை, பக்கத்தில் துணைக்குப் பெரிய ஆண் இல்லை. ஃப்ரான்டலின் எளிதில் ஆவியாகும் பொருள். கன்னத்திலிருந்து ஊறிக்கொண்டே இருக்கும் யானைக்கு அது குறை இல்லை, வேலிக் கயிற்றில் ஒருநாள் தெளித்துவிட்டுப் போகும் நமக்குக் குறை. இரண்டு வடிவங்களும் சரியான விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது வேறு. எல்லாவற்றுக்கும் மேலாக, நாற்றம் இருக்கிறது ஆனால் நாற்றத்துக்குரிய ஆள் இல்லை என்பதை யானை சீக்கிரம் கற்றுக்கொள்ளும். பட்டாசு விஷயத்தில் கற்றுக்கொண்டதை நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

வேறு வாசனைகளில் பயனே இல்லையா என்றால், நிலைமை கலவையாக இருக்கிறது. மிளகாய்க் கயிறு பற்றி சுமத்ராவின் வே கம்பாஸ் பகுதியில் நடந்து 2010-ல் வெளிவந்த ஆய்வில், ஊர்க்காரர்கள் வழக்கமாகச் செய்யும் காவலோடு மிளகாயைச் சேர்த்ததால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. தேனீ ஆபத்து நேரத்தில் விடும் வாசனைப் பொருளுக்கு ஆப்பிரிக்க யானைகள் விலகின என்று 2018-ல் ஒரு கட்டுரை வந்தது. ஆனால் அது தண்ணீர்க் குட்டையருகே நடந்த சோதனை, யானை இனமும் வேறு, தேனீயும் வேறு; நம் அடுக்குத் தேனீ அந்த ஆப்பிரிக்கத் தேனீயைப்போல மூர்க்கம் காட்டாது. இவற்றை முயன்று பார்ப்பதில் தவறில்லை. இவற்றை நம்பி இரவுக் காவலை விட்டுவிடுவதுதான் ஆபத்து.

விற்க வருபவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். உள்ளே இருக்கும் பொருளின் பெயர் என்ன, லிட்டருக்கு எத்தனை கிராம்? எந்த ஊரில், எந்த வயல்களில் வைத்துப் பார்த்தீர்கள்? தெளிக்காத வயல்களையும் அதே நாட்களில் எண்ணினீர்களா? மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால் வாங்க வேண்டாம். யானை வராத இரவுகள் எப்படியும் பல இருக்கும். தெளித்த பிறகு வரவில்லை என்பது ஒன்றையும் நிரூபிக்காது. ராஸ்முசென் பதினான்கு வருடம் ஒவ்வொரு பகுதிச் சாற்றையும் யானையிடம் கொண்டுபோய்க் காட்டியது இந்தக் கண்டிப்பினால்தான்.

அந்தக் காசை ஊரார் சேர்ந்து போடும் பரணுக்கும் நல்ல டார்ச்சுக்கும் செலவிடுவது மேல். அறுத்த கதிரைக் கொல்லையிலேயே போராகப் போட்டு வைக்காமல் களத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். வனத்துறையின் யானை நடமாட்ட எச்சரிக்கையை ஊர் வாட்ஸ்அப் குழுவில் வர ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், சேதமானால் உடனே புகைப்படம் எடுத்து இழப்பீட்டுக்கு எழுதிக் கொடுங்கள். கம்பத்து மின்சாரத்தைக் கம்பியில் இழுப்பதை மட்டும் யாரும் நினைக்கவே கூடாது. 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி அருகே அப்படிப்பட்ட வேலியில் மூன்று பெண் யானைகள் செத்துக் கிடந்ததும், இரண்டு குட்டிகள் அவற்றைச் சுற்றிச் சுற்றி நின்றதும் நமக்கு நினைவிருக்கிறது. மனிதர்களும் இதே கம்பிகளில் போயிருக்கிறார்கள். சூரிய மின்வேலி போடுவதானாலும் 2023-ல் வந்த தமிழக அரசு விதிகளின்படி பதிவு செய்ய வேண்டும். வனச்சரக அலுவலகத்தில் விசாரியுங்கள்.

நண்பர் கடைசி வரியில், தான் வேதியியல் இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவர் என்றும், இதில் ஆராய்ச்சி செய்ய ஆசை என்றும் எழுதியிருக்கிறார். நல்ல ஆசை, நம் மாவட்டத்துக்குத் தேவையும்கூட. யானையைத் தொடாமல், கீழே கிடக்கும் சாணத்திலிருந்தே அழுத்த ஹார்மோன்களின் எச்சத்தை அளக்க முடியும். கர்நாடகத்தில் சஞ்சிதா சர்மா போக்ரேலும் சக ஆய்வாளர்களும் அதைச் செய்து, பயிர் தின்னும் யானைகளிடம் அந்த அளவு குறைவாக இருப்பதாக 2019-ல் எழுதினார்கள். நல்ல தீனி கிடைப்பது காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. அந்தக் கட்டுரையிலிருந்து தொடங்குங்கள். கல்லூரியில் கருவி இருந்தால் வெறும் கரைப்பானை ஓட்டிப் பழகுங்கள், பிறகு தெரிந்த பொருளை, பிறகு தெரியாததை. ஆனால் ஆர்வத்தில் காப்புக் காட்டுக்குள் போய் மாதிரி எடுத்துவிட வேண்டாம். யானை 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு. உங்கள் பேராசிரியர் வழியாக எழுத்தில் விண்ணப்பித்து வனத்துறை அனுமதி வாங்கிய பிறகு, வனக்காவலர் ஒருவரோடு மட்டும் போங்கள்.